கூரை மேல் ஒரு தூண்டில்

கோவை அவிநாசி ரோட்டில் உங்களுக்கு முன்னால் ஒரு வேன். கூரையில் ஒரு நீளக் கம்பி தூண்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகிறது. 'மீன் பிடிக்கக் கிளம்பிட்டாங்களோ?' என்று சிரித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் ஒரு 'ஹாம்' ஆக இருக்கலாம். தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, ஆசைக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்.

இந்தத் தூண்டிலுக்கு வயசு நூறுக்கும் மேல்! 1901-ல் இங்கிலாந்தில் மார்க்கோனி ஒரு நீராவி வண்டியின் தலையில் உயரமான உலோக உருளையை ஏற்றினார். அதுதான் ஆன்டெனா. வண்டி ஓடும்போது படுக்க வைத்துவிடுவார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒற்றை பஸ்ஸோடு தொழிலை ஆரம்பித்தவர் ஜி.டி.நாயுடு. 1941-ல் அவரே, 'ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும்' என்று அறிவித்தார். ஆனால், அது கேட்கிற ரேடியோ. பேசுகிற ரேடியோவுக்கு அப்போது பூட்டு! 1939-ல் உலகப் போர் மூண்டதுமே ஹாம் உரிமங்களை பிரிட்டிஷ் சர்க்கார் ரத்து செய்துவிட்டது. அவ்வளவு பயம்.

கம்பி மாட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. நீளம், அலைநீளத்தில் கால் பங்கு இருக்கணும். 40 மீட்டர் அலைக்கு 10 மீட்டர். வேனில் நிறுத்தினால் முதல் புளியமரத்திலேயே முறிந்துவிடும்! அதனால் கம்பிச்சுருள் சேர்த்துக் குட்டையாக்குகிறார்கள். சக்தி கொஞ்சம் வீணாகும், வேறு வழியில்லை. 2 மீட்டர் அலைக்கோ அரை மீட்டர் போதும். கூரை நடுவில் மாட்டினால் இரும்புத் தகடே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும். ஃபைபர் கூரை என்றால், அடியில் தனியாகத் தகடு வைக்கணும்.

'இதெல்லாம் எதுக்குங்க?' என்கிறீர்களா?

2004 டிசம்பர். பல வருஷத் தடைக்குப் பிறகு அந்தமானில் ஹாம் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்து, பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ம் தேதி சுனாமி. தொலைபேசிகள் ஊமையாகிவிட, உயிரோடு இருப்பவர்களின் தகவலைக் கரைக்குச் சொன்னது அந்தப் பொழுதுபோக்குக் கருவிதான்!

அது தீவு. நமக்குப் பக்கத்தில் மலை. 2009 நவம்பரில் நீலகிரி சரிந்து சாலைகள் அடைபட்டதை மேட்டுப்பாளையத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டவர் சாய்ந்துவிட்டால் செல்போன் வெறும் டார்ச் லைட். பேட்டரியும் கம்பியும் உள்ள வேனோ, நின்ற இடத்திலிருந்தே பேசும்.

அடுத்த முறை அந்தத் தூண்டிலைப் பார்த்தால், கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள்!