பட்டியலின் அடிவரிசை

ஒரு பாடல் மக்களிடையே எவ்வளவு பரவிற்று என்பதை ஓர் எண்ணாற் குறித்துவிடலாம் என்னும் கருத்து மிகப் பழையதன்று. நாட்டார் பாடல்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் என எவரும் வழங்கியதில்லை. வயலிலும் கடலிலும் பிறந்த பாட்டு, உழைப்போருக்குத் தேவைப்பட்ட வரையில் வாழ்ந்தது. தேவை நீங்கியபோது மறைந்தது. பாட்டு இசைத்தட்டாகி, இசைத்தட்டு கடைச் சரக்கான பின்னரே அதற்கு வரிசை எண் வேண்டியதாயிற்று. எந்தச் சரக்கு விரைந்து விலைபோகின்றது என்பதை விற்பவன் அறிய வேண்டும் அல்லவா?

இவ்வழக்கத்தோடு நமது நாட்டுக்கும் தொடர்புண்டு. 1952ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் ஆரம்பமான 'பினாக்கா கீத்மாலா' என்னும் நிகழ்ச்சி, இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்தி உபகண்டம் முழுவதையும் கொழும்பை நோக்கிச் செவிசாய்க்க வைத்தது. அந்நிகழ்ச்சி தாங்கி நின்றது ஒரு பற்பசையின் பெயர். பாட்டுக்கு எண் இடுவோர் எதன்பொருட்டு இடுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் இவ்வழக்கம் செழித்து வளர்ந்த இடம் ஐக்கிய அமெரிக்காவாகும். 1894இல் சுவரொட்டித் தொழிலுக்கான ஏடாகத் தோன்றிய 'பில்போர்ட்', காலப்போக்கில் இசை வணிகத்தின் முதன்மை ஏடாயிற்று. 1958 ஆகஸ்ட் 4ஆம் திகதி முதல் 'ஹொட் 100' என்னும் பெயரில் வாரந்தோறும் நூறு பொப் பாடல்களை அது வரிசைப்படுத்தி வரலாயிற்று. அப்பட்டியலின் உச்சியை எட்டிய பாடல்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அடிவரிசையைப் பற்றி எழுதுவோர் குறைவு. எழுபதாம், எண்பதாம் இடங்களை எட்டிச் சில வாரங்களில் மறைந்தவையும், நாற்பதாம் இடத்தை மயிரிழையிற் கடந்தவையுமான சில பாடல்களையே இங்கு எடுத்துக்கொள்கின்றேன். பல வானொலி நிலையங்கள் நாற்பது பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பியமையால், நாற்பதாம் இடம் அங்கே ஒரு வாயிற்படியாக விளங்கிற்று. இவற்றுள் எனக்கு உவப்பானவை நான்கு, உவப்பற்றவை இரண்டு. உவப்பும் வெறுப்பும் என்னுடையவையாயினும், அவை கிளப்பும் வினா நம் எல்லோர்க்கும் பொதுவானது: ஓர் எண் எதனைச் சொல்கின்றது, எதனை மறைக்கின்றது?

முதலில் அவ்வெண் பிறந்த முறையை நோக்குவோம். விற்பனையான தட்டுகளை ஒவ்வொன்றாக எவரும் எண்ணவில்லை. தெரிந்தெடுக்கப்பட்ட கடைக்காரரும் வானொலி நிலையத்தாரும் தத்தம் இடங்களில் முன்னணியில் நின்ற பாடல்கள் இவையெனத் தெரிவித்தனர். அவ்வறிக்கைகள் கூட்டப்பட்டுப் பட்டியலாயின. எனவே கடைக்காரனின் நினைவும் விருப்பும், ஒலிபரப்பாளனின் துணிவும் அச்சமும் எண்ணுக்குள்ளே புகுந்துகொண்டன. பணமும் புகுந்தது. இசைத்தட்டு நிறுவனங்களிடம் கையூட்டுப் பெற்றுப் பாடல்களை ஒலிபரப்பிய அறிவிப்பாளர்கள் பற்றி 1960இல் அமெரிக்கக் காங்கிரஸ் பகிரங்க விசாரணை நடத்திற்று. அதே ஆண்டில் அச்செயலைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. இவற்றோடு நிறபேதமும் இருந்தது. கறுப்பின மக்களின் இசைக்கென 1942இல் 'பில்போர்ட்' தனிப்பட்டியல் ஒன்றை வகுத்தது. அதற்கு 1945இல் 'இனத் தட்டுகள்' என்று பெயரிட்டது. 1949இல் 'றிதம் அன்ட் புளூஸ்' என்று மாற்றிற்று. பெயர் மாறிய பின்னும் பிரிவினை நீடித்தது.

எனக்கு உவப்பான முதற் பாடல் 'லிட்டில் பொக்ஸஸ்'. இதனை இயற்றியவர் மல்வீனா றெனோல்ட்ஸ் என்னும் பெண்மணி. சோசலிசக் கொள்கையுடைய பெற்றோருக்குப் பிறந்து, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1962இல் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டேலி சிற்றியின் மலைச்சரிவில் ஒரே அச்சில் வார்த்தனபோல் நின்ற வீடுகளைக் கண்டு அவர் இதனைப் புனைந்தார். சிறுவர் பாட்டுப் போல ஒலிக்கும் இப்பாடல், வீடுகளை மட்டுமன்றி அவற்றுள் வாழும் மத்தியதர வர்க்கத்தையும், அவ்வர்க்கத்தை வார்த்தெடுக்கும் பல்கலைக்கழகத்தையும் எள்ளி நகையாடுகின்றது. பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலில் அமர்ந்துள்ள நம்மையும் அது விட்டுவைக்கவில்லை.

இப்பாடலைப் பரப்பியவர் பீற் சீகர். அவர் அங்கம் வகித்த 'வீவர்ஸ்' குழுவின் பாடலொன்று 1950இல் பதின்மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பின்னர் கம்யூனிச எதிர்ப்புப் புயல் வீசிற்று. 1955இல் காங்கிரஸின் விசாரணைக் குழுவின் முன் தமது அரசியல் தொடர்புகள் பற்றிக் கூற மறுத்த சீகருக்கு, 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் தொலைக்காட்சியின் கதவுகள் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. அந்நிலையிலேதான் 1964இல் 'லிட்டில் பொக்ஸஸ்' 70ஆம் இடத்தை எட்டிற்று. பதின்மூன்று வாரம் முதலிடத்தில் நின்ற குரல் எழுபதாம் இடத்துக்கு இறங்கியதற்கு இரசிகர் மனமாற்றம் மட்டுமே காரணம் என எவரேனும் கூறின், அவர் இடையிலே நிகழ்ந்த அரசியலை மறந்தவராவார்.

இரண்டாவது, நீனா சிமோன் பாடிய 'டு பி யங், கிஃப்டட் அன்ட் பிளக்'. இளமையும் ஆற்றலும் கறுப்பு நிறமும் உடையராயிருத்தல் பெருமைக்குரியது என்பது அதன் பொருள். 'எ றெய்சின் இன் த சண்' என்னும் நாடகத்தின் மூலம் நியூயோர்க்கின் புரோட்வே அரங்கில் முதன்முதலாக இடம்பெற்ற கறுப்பினப் பெண் நாடகாசிரியர் லொறெய்ன் ஹான்ஸ்பெரி. 1965இல் தமது 34ஆம் வயதில் மறைந்த அத்தோழியின் நினைவாகச் சிமோன் இதனைப் படைத்தார். கறுப்பின மக்களின் தனிப்பட்டியலில் இப்பாடல் 8ஆம் இடத்தை எட்டிற்று. பொதுப் பட்டியலில் அது பெற்ற உச்ச இடம் 76. ஒரே நாடு, ஒரே பாடல். எண்கள் மட்டும் இரண்டு. 'பொது' என்ற சொல்லுக்குள்ளே யார் அடங்கினர், யார் அடங்கவில்லை என்பதை அவ்விரு எண்களுக்கு இடைப்பட்ட தூரம் காட்டுகின்றது.

மூன்றாவது, 1966இல் வெளிவந்த 'றிவர் டீப், மவுண்டன் ஹை'. ஐக், டீனா டேர்னர் என்னும் இருவர் பெயரிலும் வெளிவந்ததாயினும், பாடியவர் டீனாவே. ஐக்குக்கு அவ்வொலிப்பதிவில் பங்கில்லை. பில் ஸ்பெக்டர் பெரும் இசைக்கூட்டத்தைத் திரட்டி, பொருளை வாரியிறைத்து உருவாக்கிய இத்தட்டு, பிரித்தானியாவில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. சொந்த நாட்டில் அது 88ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை. கறுப்பினத்தார் நிலையங்களுக்கு அது வெள்ளையர் இசையாகவும், வெள்ளையர் நிலையங்களுக்குக் கறுப்பர் இசையாகவும் தோன்றியமையே காரணமெனப் பின்னாளில் விளக்கம் கூறப்பட்டது. இரண்டு பெட்டிகளை முன்கூட்டியே செய்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் வணிகத்துக்கு, இரண்டிலும் அடங்காத கலை இடையூறாகவே தோன்றும்.

நான்காவது, மார்தா றீவ்ஸும் 'வண்டெல்லாஸ்' குழுவினரும் 1970இல் பாடிய 'ஐ ஷுட் பி பிறவுட்'. வியட்நாம் போரில் அன்புக்குரியவனை இழந்த பெண்ணொருத்தியிடம், அவனை எண்ணிப் பெருமைப்பட வேண்டுமென ஊரார் கூறுகின்றனர். அவளோ, பெருமை வேண்டாம், அவன் உயிரோடு திரும்பியிருந்தாற் போதும் என்கின்றாள். மைந்தன் போர்க்களத்தில் மாண்டமை கேட்டு மகிழும் புறநானூற்று மறக்குடித் தாயைக் கற்பித்து வரும் நமக்கு, இவள் அத்தாயின் எதிரே வந்து நின்று வினா எழுப்புபவளாகத் தோன்றுகின்றாள். 2009 வரை நீண்ட போரொன்றைக் கண்ட நாட்டவராகிய நமக்கு அக்குரல் அந்நியமானதுமன்று. இப்பாடல் பெற்ற இடம் 80. அதே ஆண்டில் அதே 'மோட்டவுன்' நிறுவனம் எட்வின் ஸ்டார் பாடிய 'வோர்' என்னும் போரெதிர்ப்புப் பாடலை வெளியிட்டு முதலிடத்தைப் பெற்றது. அப்பாடலை முதலிற் பாடியவர்கள் நிறுவனத்தின் புகழ்மிக்க 'டெம்ப்டேஷன்ஸ்' குழுவினர். அவர்களது இரசிகர் சிலர் மனம் புண்படக்கூடும் என அஞ்சியே, நிறுவனம் அதனைத் தனித்தட்டாக வெளியிடும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தது. எதிர்ப்புக் குரலும் இலாப நட்டக் கணக்குக்கு உட்பட்டே வெளிவந்தது.

இதுவரை கூறியதைக் கொண்டு, உண்மை பேசும் பாடல் அடிவரிசையிலும் பொய் பேசும் பாடல் உச்சியிலும் நிற்கும் என்று ஒரு சூத்திரம் வகுத்துவிடலாம் எனச் சிலர் எண்ணக்கூடும். முற்போக்காளர்களாகிய நமக்கு அச்சூத்திரம் இனிப்பானது. தோல்வியையே தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளும் ஆறுதல் அதில் உண்டு. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1965இல் பரி மக்குவயர் பாடிய 'ஈவ் ஒவ் டிஸ்ட்றக்ஷன்', அணுப்போரையும் நிறவெறியையும் சாடிய பாடல்; பல நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. இருந்தும் அது முதலிடத்தை அடைந்தது. அதற்கு மறுப்பாக 'ஸ்போக்ஸ்மென்' என்னும் குழுவினர் பாடிய 'டோன் ஒவ் கறெக்ஷன்' 36ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. எனக்கு உவப்பற்ற பாடல்களுள் முதலாவது இது. மேற்குலகம் சிவப்பு ஆதிக்கத்திலிருந்து மக்களைக் காத்து நிற்கின்றது என்றும், அணுகுண்டே சமாதானத்துக்குக் காவல் என்றும் அது போதித்தது. வியட்நாமின் மீது குண்டுகள் பொழிந்த ஆண்டில் இவ்வாறு பாடியோரும் அடிவரிசையிலேதான் நின்றனர்.

இரண்டாவதைக் கூறவே மனம் கூசுகின்றது. 1968 மார்ச் 16ஆம் திகதி மை லாய்க் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்தனர். மாண்டோர் தொகை அமெரிக்கக் கணக்கின்படி 347; வியட்நாமியர் கணக்கின்படி 504. அக்கொலைகளுக்காக லெப்டினன்ட் வில்லியம் கலி 1971 மார்ச் இறுதியில் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுட்தண்டனை பெற்றான். உடனே அவனைத் தியாகியாக்கிப் புகழும் இசைத்தட்டொன்று நாடெங்கும் பரவிற்று. 'த பற்றில் ஹிம் ஒவ் லெப்டினன்ட் கலி' என்பது அதன் பெயர். பத்து இலட்சத்துக்கு மேல் அது விற்றது. ஆயினும் பட்டியலில் அது எட்டிய இடம் 37 மட்டுமே; ஏனெனில் கடை விற்பனையோடு வானொலி ஒலிபரப்பும் சேர்த்தே வரிசை கணிக்கப்பட்டது.

அப்பாடலின் மெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அடிமைமுறையை ஆயுதந்தாங்கி எதிர்த்து 1859இல் தூக்கிலிடப்பட்ட ஜோன் பிறவுணைப் பற்றி உள்நாட்டுப் போரின்போது வடபுலத்துப் போர்வீரர் பாடிய மெட்டு அது. 1915இல் அமெரிக்கத் தொழிலாளர் தமது ஒற்றுமைக் கீதத்துக்கு எடுத்துக்கொண்டதும் அதே மெட்டையே. அடிமைகளின் விடுதலையையும் தொழிலாளரின் ஒற்றுமையையும் பாடிய இசையை, கிராமத்தவரைக் கொன்றவனுக்குப் புகழ்மாலையாக்கினர். மெட்டு தானாக எந்தப் பக்கமும் சேர்வதில்லை. அதனை எடுத்தாள்பவரே அதற்குப் பக்கம் கற்பிக்கின்றனர்.

இவ்வாறு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. 70, 76, 80, 88 என்ற எண்கள் ஒருபுறமும் 36, 37 என்ற எண்கள் மறுபுறமும் நிற்கின்றன. இவற்றுள் எதுவும் பாடலின் தகுதியை அளந்ததன்று. கடை, வானொலி, நிறபேதம், அரசியல் அச்சம், நிறுவனத்தின் முன்னெச்சரிக்கை ஆகியவை ஒன்றோடொன்று மோதியதன் விளைவே ஒவ்வோர் எண்ணும். எண்ணும் கருவி மாறினால் எண்ணும் மாறும் என்பதை 1991ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. அவ்வாண்டில் 'பில்போர்ட்', கடைக்காரரின் வாய்மொழியைக் கைவிட்டு, பொருளின் மேலுள்ள கோட்டுக்குறியை இயந்திரம் படித்துத் தரும் விற்பனைத் தொகையைக் கொண்டு இசைத்தொகுப்புகளை வரிசைப்படுத்தத் தொடங்கிற்று. சில வாரங்களுள் 'என். டபிள்யூ. ஏ.' என்னும் கறுப்பின றப் குழுவின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. மக்களின் இரசனை ஓரிரு வாரங்களில் மாறிவிடவில்லை. முன்னர் கேட்டவர்கள்தாம் அப்போதும் கேட்டனர். அவர்கள் எண்ணப்பட்டார்கள், அவ்வளவே.

ஆகவே பட்டியலை வீசியெறிய வேண்டுமென்று நான் கூறவில்லை. அதனை ஓர் ஆவணமாகப் படிக்க வேண்டும் என்கின்றேன். இதனை எண்ணியவர் யார், எவரைக் கேட்டு எண்ணினார், கேட்கப்படாதோர் யார் என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு வரிசையிடமும் கேட்டல் வேண்டும். பாடலின் தகுதியை அதன் சொல்லிலும் இசையிலும், அது எவர் பக்கம் நின்றது என்பதிலும் தேடிக் காணும் வேலை அப்போதும் நம்மிடமே எஞ்சியிருக்கும். அதனை எந்த எண்ணும் நமக்காகச் செய்து தராது.

தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையோடு பிள்ளை வீடு திரும்பும்போது, "எத்தனையாம் பிள்ளை?" என்றே நமது ஊர்களில் முதலிற் கேட்கின்றனர். முப்பத்தேழாம் பிள்ளை என எழுதிக் கையொப்பமிடுபவர் ஆசிரியராகிய நாமே. அடுத்த முறை அவ்வெண்ணை எழுத முன்னர், அப்பிள்ளையின் வீட்டில் விளக்கு உண்டா, கொப்பி வாங்கப் பணம் உண்டா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாயின், இப்பாடல்களைக் கேட்டதிற் பயனுண்டு.