ஒலிகளின் சண்டையும் சமரசமும்: தமிழ்த் திரையிசையில் மிக்சிங்

விருதுநகர் மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலானாலும் சரி, சிவகாசி பத்ரகாளியம்மன் கோவில் சித்திரைப் பொங்கலானாலும் சரி, குழாய் ஸ்பீக்கர் கட்டினால்தான் திருவிழா களைகட்டும் என்பது ஒரு காலத்து வழக்கம். அந்தக் குழாயில் பாடகரின் குரல் நாலு தெரு தாண்டியும் கேட்கும். ஆனால் பேஸ் கிடார் வாசித்தார்களா என்பதே தெரியாது. கூம்பு வடிவக் குழாய் நடுத்தர அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். அடிக்குரல் ஒலிகளை விழுங்கிவிடும். தியேட்டரிலும் டேப் ரெக்கார்டரிலும் இந்தக் குழாயிலும் ஒரே பாட்டு பாட்டாகக் கேட்க வேண்டும். அதற்கான வேலைக்குத்தான் மிக்சிங் என்று பெயர்.

ஒரே மைக் காலம்

ஆரம்ப காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒன்றிரண்டு மைக்குகள் முன்னால் நின்று பதிவு செய்தார்கள். சத்தத்தைச் சரிசெய்யும் வழி தூரம்தான். பாடகர் மைக்குக்கு அருகில் நிற்பார், தாள வாத்தியம் தள்ளிப் போகும். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பல டிராக் பதிவு வந்த பிறகு ஒவ்வொரு ஒலியையும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிந்தது. இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' (1978) ஸ்டீரியோ பதிவுக்குப் பெயர் பெற்றது. இடம், வலம் என்று ஒலிகளைப் பிரித்து வைக்க அது இடம் கொடுத்தது.

கணினி வந்தது

1983ல் மிடி முறை அறிமுகமானது. கீபோர்டும் கணினியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1986ல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1989ல் ஏ.ஆர்.ரகுமான் தன் வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1992ல் 'ரோஜா' வெளிவந்தது.

இங்கேதான் புதுச் சிக்கல் முளைத்தது. வயலின்காரர் பாடகரின் குரலைக் கேட்டு வில்லை மெதுவாக இழுப்பார். சிந்தசைசருக்கு அந்தக் காது கிடையாது. அதன் ஒரே ஸ்வரம் கீழிருந்து மேல் வரை அதிர்வெண்களை நிரப்பி, குரலின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பலத்த ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்பது காதின் இயல்பு. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று பட்டாசுக்கு 1999ல் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்புக்குள் வெடித்தாலும் பக்கத்தில் பேசுவது காதில் விழாது!

'பாட்டு வரியே புரியவில்லை' என்ற புகார் புது இசையின் மேல் எழுந்ததற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம்.

சமரசம் செய்பவர்

வாத்தியக்காரர்கள் தமக்குள் செய்துகொண்ட சமரசத்தை இப்போது ஒலிப்பதிவாளர் செய்ய வேண்டியதாயிற்று. 'ரோஜா' முதல் ரகுமானோடு பணியாற்றிய எச்.ஸ்ரீதர் இதில் முக்கியமானவர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்' படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பரில் காலமானார்.

இந்த வேலைக்குச் சில வழிகள் உண்டு. முதல் வழி, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனால் முடிவில் எதுவும் கேட்காது. இரண்டாவது, ஈக்வலைசர். மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையானது. சொற்களின் மெய்யெழுத்துகள் தெளிவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். அங்கே கீபோர்டைக் கொஞ்சம் குறைத்தால், குரலைக் கூட்டாமலே குரல் மேலே வரும். மூன்றாவது, இடம் வலமாகப் பிரிப்பது. நான்காவது, காலம். டிரம் அடிக்கும் கணத்தில் மட்டும் பேஸ் ஒலியைத் தாழ்த்தினால் இரண்டும் மோதாது.

குழாய் விழுங்கும் பேஸுக்கும் வழி இருக்கிறது. அதன் மேல் ஸ்வரங்களைச் சற்றுத் தூக்கினால், இல்லாத அடி ஸ்வரத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும். இதைச் சோதிக்கத்தான் பெரிய ஸ்டூடியோக்களிலும் ஓரமாக ஒரு மட்டமான சின்ன ஸ்பீக்கரை வைத்திருந்தார்கள்.

குழாய் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இன்று செல்போன் இருக்கிறது. அதன் ஸ்பீக்கருக்கும் பேஸ் வராது. செலவழித்துச் சேர்த்த நூறு ஒலிகளில் அதில் கடைசிவரை நிற்க வேண்டியது பாடுகிறவரின் சொல். அதைக் காப்பாற்ற மற்ற ஒலிகள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை மிக்சிங் செய்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.