மூடிய சுரங்கத்தின் மேல் யாருக்குப் பட்டா?

தோழர்களே,

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 22 நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, அண்ணல் அம்பேத்கர் மறைந்தார். இந்த இரண்டு தேதிகளையும் நாம் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. இன்றைய நினைவுரையில் பார்ப்போம்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு நெய்வேலியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். கவுத்திமலையையும் வேடியப்பன் மலையையும் இரும்புத்தாதுக்காகக் கேட்டபோது எதிர்த்து நின்றது இந்த மாவட்டம். 2023இல் செய்யாறு அருகே மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்தவர்கள் மீது குண்டர் சட்டம் பாய்ந்ததும் இங்கேதான். நிலத்தை எடுக்கும்போது நாம் போராடுகிறோம். எடுத்து, தோண்டி, தீர்ந்துபோன பிறகு அந்த நிலம் என்ன ஆகிறது, யாரிடம் போகிறது என்று நாம் கேட்பதில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

அம்பேத்கர் சுரங்கத்தை அறிந்தவர். வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்றார். அடுத்த ஆண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வெளியே போகும் நிலக்கரி மீது தீர்வை வைத்து, அந்தப் பணத்தில் தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவம். மண்ணிலிருந்து எடுப்பவன் மண்ணோடு கிடப்பவனுக்குக் கடன்பட்டவன் என்பதே அந்த நிதியின் பொருள்.

நெய்வேலியில் நடப்பதைப் பாருங்கள். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் அடித்தரை உடைந்துவிடும். அள்ளிய மண் மலைபோல் குவிகிறது. அடியில் கிடந்தது மேலே வந்துவிடுவதால் அதில் மட்கு கிடையாது, நுண்ணுயிர் கிடையாது. மழை பெய்தால் அரித்து, பக்கத்து வாய்க்காலையும் வயலையும் மூடும்.

அதை மீண்டும் நிலமாக்க வழி இருக்கிறது. தோண்டும் முன்பே மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். குவித்த மண்ணைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாக வெட்டிச் சரிவைக் குறைக்க வேண்டும். மழைநீர் வடிய வாய்க்கால் வேண்டும். பிறகு மேல்மண்ணைப் பரப்பி, தொழு உரம் போட்டு, சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழ வேண்டும். பல ஆண்டு உழைப்பு இது. நம் பாட்டன்மார் மேட்டுக்காட்டைக் கழனியாக்கியபோது செய்ததும் இதுதான். அந்த அறிவு சேரியில் இருக்கிறது. நிலம்தான் இல்லை.

மண்மேட்டை உறுதிப்படுத்தாமல் விட்டால் சாவு யார் வீட்டில் விழும்? 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் ஊரில், நீரூற்றின் மேல் கொட்டி வைத்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். மிச்சமிருந்த மேடுகளை அகற்ற, அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்காக மக்கள் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டது அரசு. திருப்பிக் கொடுத்தது 1997இல். நம் நாட்டில், 2016 டிசம்பர் 29 அன்று ஜார்கண்டின் லால்மாட்டியா சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 ஒப்பந்தத் தொழிலாளர்கள் புதைந்தார்கள்.

இந்தியாவில் சுரங்கத்தை மூடுவதற்கான வழிகாட்டு நெறிகளை நிலக்கரி அமைச்சகம் 2009இல்தான் வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, தனிக் கணக்கில் பணம் போட்டு வைக்க வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் மண் திருந்திய பிறகு அதில் உழப்போவது யார்? 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரைத்தான் கணக்கில் எடுத்தது. அதே வயலில் நடவு நட்டவர், களை எடுத்தவர், அறுத்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை. நிலக்கரி நிலச் சட்டத்தில் எடுத்த நிலங்களைப் பற்றி 2022 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. வெட்டி முடித்த நிலத்தை நிலக்கரி, எரிசக்தித் தொழில்களுக்குக் குத்தகைக்கு விடலாம், உடைமை அரசு நிறுவனத்திடமே இருக்கும் என்றது. ஆலைக்கு நிலம் உண்டு, கூலிக்காரருக்கு இல்லை.

இது நமக்குப் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. காகிதத்தில் நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

1947இல் அண்ணல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலை இங்கே எடுத்து வையுங்கள். விளைநிலம் அரசின் உடைமையாக வேண்டும், சாதி பாராமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட்டுக் கூட்டுப்பண்ணையாக உழ வேண்டும், நீரும் விதையும் உரமும் அரசு தர வேண்டும் என்றார். அப்போது எழுந்த கேள்வி, உடைமையாளரிடமிருந்து நிலத்தை எப்படி வாங்குவது என்பது. மூடிய சுரங்கத்தில் அந்தக் கேள்வியே இல்லை. நிலம் ஏற்கெனவே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, சுரங்கத்துக்குப் போன கிராமங்களின் பழைய ‘அ’ பதிவேடுகளைத் திறந்து, அதில் நிபந்தனைப் பட்டா நிலம் எவ்வளவு என்று வெளியிட வேண்டும். இரண்டு, மண்ணைத் திருத்தும் வேலையை அந்த ஊர் நிலமற்றவர்களின் கூட்டுறவுகளுக்கே, நிரந்தர வேலையாக, பாதுகாப்போடு தர வேண்டும். மூன்று, திருந்திய நிலம் அதே கூட்டுறவுகளுக்கு, பெண்கள் பெயரையும் சேர்த்து, நீண்ட காலக் குத்தகையாக வர வேண்டும். திருந்தாத மேட்டை நம் தலையில் கட்டிவிட்டு நிலம் கொடுத்தோம் என்று சொல்ல விடக் கூடாது. சரிவும் மண்ணும் நீரும் சோதிக்கப்பட்ட பிறகே ஒப்படைக்க வேண்டும்.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் ஊர் ‘அ’ பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். நிலம் எடுக்க ஆள் வரும் முன்பே அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.