விதியா? வழக்கமா?

பாரூர் ஏரிக்கரை வீட்டிலும் ஓசூர்த் தொழிலாளர் குடியிருப்பிலும் மாலையானால் தொலைக்காட்சி ஒளிர்கிறது. மகப்பேற்று வேதனையில் ஒருத்தி அலறுகிறாள், விளக்கு அணைகிறது, "எல்லாம் விதி" என்கிறாள் கிழவி. காண்போர் கண்ணீர் வடிக்கின்றனர். காரணம் யாது என்று கேட்போர் எத்தனை பேர்?

'ஈ.ஆர்.' என்னும் அமெரிக்க மருத்துவத் தொடர் 1995-இல் கேட்டது. கருவுற்றவளின் இரத்த அழுத்த நோயைக் கண்டுணரத் தவறுகிறார் மருத்துவர். பிள்ளை பிழைக்கிறது, தாய் மாள்கிறாள். பழி தெய்வத்தின்மீது அன்று, தவறிய கணிப்பின்மீது விழுகிறது. அதனாலேயே அக்கதையை மதிக்கிறோம் நாம்.

நம் நாட்டு வரலாறோ நாடகத்தினும் கொடிது, தோழர்களே! 1890-களில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்கள் அமெரிக்க மருத்துவர் ஸ்கடரின் இல்லக் கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்துவே. மூவர் மனைவியரும் பிள்ளை பெறமாட்டாது துடித்துக் கிடந்தனர். மருத்துவரின் மகள் ஐடாவை அழைத்தனர். அவரோ மருத்துவம் கல்லாத இளம்பெண். தந்தை வருவார் என்றார். ஆடவன் தொடுவதா? மறுத்துத் திரும்பினர். மதம் வேறு, மறுப்பு ஒன்று! விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

ஐடா மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பினார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதற்கு முன்பே, 1912-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியிருந்தார் நம் முத்துலட்சுமி. திண்டிவனத்து இரவை எந்தத் தொடரிலும் நாம் இன்னும் கண்டதில்லை.