துளையிலைக் கொடி ஏறும் தும்பு

இலையில் இயல்பாகவே துளைகள் விழும் மான்ஸ்டெரா, தென் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள மழைக்காடுகளின் கொடி. மெக்சிகோவில் 1840 முதல் 1843 வரை செடிகளைத் திரட்டிய டென்மார்க்குத் தாவரவியலாளர் பிரடெரிக் லீப்மன், 1849இல் அதற்கு மான்ஸ்டெரா டெலிசியோசா என்று பெயரிட்டார். காட்டில் அது ஈரமான மரப்பட்டையைக் காற்றுவேர்களால் பற்றி ஏறும். வேருக்கு இலைமக்கு கிடைக்கும். வீட்டுக்குள் சட்டியில் வளரும் கொடிக்கு இவ்விரண்டின் இடத்தையும் இன்று பலவேளை நிரப்புவது தேங்காய்ப் பொச்சுமட்டை. அதை உலகுக்கு அனுப்பும் இடங்களுள் இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையும் ஒன்று.

சிலாபம், மாதம்பை, மாரவில, வென்னப்புவ என நீளும் இக்கரை, குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து தென்னை முக்கோணம் எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே தென்னந்தோட்டங்கள் பெருகின. ரயில் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டம் லுணுவிலவில் நிலைகொண்டது.

இக்கரையின் ஆலைகளில் மட்டையை நீரில் ஊறவைத்து, முட்கள் பதித்த உருளைகளில் கொடுத்து, தும்பு எனப்படும் நாரைப் பிரிப்பார்கள். நீண்ட நார் தூரிகைக்கும் குட்டை நார் மெத்தைக்கும் போகும். ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் உதிரும். எளிதில் மக்காத அந்தத் தூள் ஆலையோரங்களில் குன்றாகக் குவிந்து, நிலத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தும்புத்தூளில் செடி வளர்த்திருந்தும், அந்தப் பழக்கம் நிலைக்கவில்லை. சதுப்பு நிலங்களில் வெட்டி எடுத்த கரி மண் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அக்கரி மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதை வெட்டுவதற்கு ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்த 1980களின் பிற்பகுதியில் தும்புத்தூள் மறுபடி தேடப்பட்டது. கடலோரத் தூளில் உப்பு தங்கியிருக்கும். அப்படியே இட்டால் இளவேர் கருகும். அதனால் நன்னீரில் அலசி, களத்தில் வெயிலில் காயவைத்து, ஐந்து கிலோக் கட்டிகளாக அழுத்துகிறார்கள். களத்தில் தூளைப் பரப்பிக் கிளறும் உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. இத்தொழிலைப் பற்றிய எழுத்தில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இன்று இலங்கையின் தும்புசார் ஏற்றுமதியில் பெரும்பங்கு தோட்டக்கலைக்கான பொருள்களுடையது. தடியைச் சுற்றித் தும்பு பொதிந்த தாங்குகோலும் அவற்றுள் அடக்கம். நீர் தெளித்தால் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். மான்ஸ்டெராவின் காற்றுவேர் மரப்பட்டையைப் போலவே அதையும் பற்றி ஏறும்.