யாகிமோவ்: டாலருக்குப் பெயர் தந்த சுரங்க நகரம்

யாகிமோவ் என்பது செக் குடியரசின் வடமேற்கில், செருமனி எல்லையை ஒட்டிய கார்லோவி வாரி மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு நகரம் ஆகும். இதன் செருமானியப் பெயர் யோவாகிம்ஸ்தால். 'புனித யோவாகிமின் பள்ளத்தாக்கு' என்பது அதன் பொருள்.

அமைவிடம்

கார்லோவி வாரி நகருக்கு வடக்கே, கிருஷ்னே ஹோரி மலைத்தொடரின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இந்நகர் அமைந்துள்ளது. அத்தொடரின் உயரமான சிகரமாகிய கிளினோவெட்சு (1,244 மீட்டர்) அருகில் உள்ளது. குளிர் மிகுந்த, வேளாண்மைக்கு ஏற்றதல்லாத மலைப்பகுதி இது. மக்கள் இங்கே வந்து குடியேறியதற்குக் காரணம் மண்ணுக்கு மேலே இல்லை, கீழே இருந்தது.

வெள்ளியும் தாலரும்

இங்கு வெள்ளி கிடைத்ததை அடுத்து, 1516இல் ஸ்டீபன் ஷ்லிக் பிரபு நகரை நிறுவினார். சில ஆண்டுகளிலேயே இங்கு பெரிய வெள்ளி நாணயங்கள் அச்சிடப்பட்டன. ஒரு பக்கம் புனித யோவாகிம், மறுபக்கம் பொகீமியச் சிங்கம். 'யோவாகிம்ஸ்தாலர்' என்ற நீண்ட பெயரை மக்கள் 'தாலர்' என்று சுருக்கினர். அச்சொல்லே மொழிக்கு மொழி திரிந்து 'டாலர்' ஆயிற்று. 1528இல் மன்னர் முதலாம் பெர்டினாண்டு நாணயச் சாலையை அரசுடைமையாக்கினார்.

1530களில் இந்நகர் பொகீமியாவில் பிராகாவுக்கு அடுத்த பெரிய நகராக விளங்கியது. இங்கு மருத்துவராகப் பணியாற்றிய கியோர்கியஸ் அக்ரிகோலா, சுரங்கத் தொழிலை நேரில் கண்டு ஆராய்ந்தார். அவரது புகழ்பெற்ற சுரங்கவியல் நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1556இல் வெளிவந்தது. பின்னர் வெள்ளி குறைந்தது, நகரும் தளர்ந்தது. 1873இல் ஏற்பட்ட தீ விபத்தில் நகரின் பெரும்பகுதி அழிந்தது.

கழிவிலிருந்து ரேடியம்

வெள்ளியோடு கிடைத்த கனமான கருங்கல்லைச் சுரங்கத் தொழிலாளர்கள் பயனற்றதெனக் கருதினர். அதுதான் யுரேனியத் தாது. 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக்கு நிறமூட்டும் சாயம் செய்ய அது பயன்பட்டது. இந்தத் தாதுவைக் கொண்டே மேரி கியூரியும் பியேர் கியூரியும் 1898இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தனர். 1906இல் ரேடான் கலந்த சுரங்க நீரைக் கொண்டு மருத்துவக் குளியல் தொடங்கியது. ஆனால் அதே ரேடான் வாயுவைச் சுரங்கத்தில் நாள்தோறும் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது.

கட்டாய உழைப்பு

இரண்டாம் உலகப்போருக்குப் பின், இங்கு வாழ்ந்த செருமானிய மொழி பேசுவோரில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். 1945இல் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. அதைத் தோண்ட, கம்யூனிச அரசு முகாம்களை அமைத்து, பல்லாயிரம் கைதிகளை வேலை வாங்கியது. அவர்களுள் அரசியல் கைதிகள் பலர். அருகிலுள்ள ஒஸ்த்ரோவில், கைதிகள் தாதுவை நொறுக்கி உருளைகளில் அடைத்த செங்கல் கோபுரம் 'மரணத்தின் சிவப்புக் கோபுரம்' என்றே அழைக்கப்படுகிறது. யுரேனிய அகழ்வு 1964இல் நின்றது.

இன்று

16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சுவோர்னோஸ்த் சுரங்கம், இன்றும் குளியல் மனைகளுக்கு நீர் தருகிறது. 2019இல் இப்பகுதியின் சுரங்க நிலத்தோற்றமும் சிவப்புக் கோபுரமும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. சில ஆயிரம் பேரே வாழும் இவ்வூர், உலகுக்கு ஒரு நாணயப் பெயரையும் ஓர் அறிவியல் புரட்சிக்கான மூலப்பொருளையும் தந்தது. அதற்கான விலையைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத சுரங்கத் தொழிலாளர்களும் கைதிகளுமே ஆவர்.