அடைக்கலம் இழந்த அடைக்கலக்குருவி

இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர், வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் துண்டுக் காணியொன்றை வாடகைக்குப் பெற்று மரக்கறி பயிரிட்டு வருகிறார். உள்ளூராட்சிச் சபைகள் வழங்கும் இத்தகைய காணியை அங்கு 'அலொட்மென்ற்' என்பர். ஒருநாள் காலை அவருடன் அங்கு சென்றிருந்தேன். அவர் மண்ணைக் கொத்தத் தொடங்கியதுமே, செம்மஞ்சள் நெஞ்சுடைய றொபின் குருவி ஒன்று மண்வெட்டிக்கு அருகில் வந்திறங்கிப் புழு பொறுக்கியது. வேலியோரத்தில் வேறு பறவைகளும் தென்பட்டன. ஆனால், நமக்கு மிகவும் பழக்கமான அடைக்கலக்குருவியை மட்டும் காணவில்லை.

"நான் வந்த புதிதில் கூட்டங்கூட்டமாக நின்றன" என்றார் நண்பர்.

இத்தோட்டங்களுக்கும் அக்குருவிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

ஏழைத் தொழிலாளருக்குப் பயிரிட நிலம் வழங்கும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்படைத்தது. முதலாம் உலகப் போரில், 1917இல், ஜேர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தபோது பிரித்தானியாவில் உணவுத் தட்டுப்பாடு அச்சுறுத்தியது. பூங்காக்களும் வெறும் நிலங்களும் தோட்டங்களாயின. 1918 அளவில் இத்துண்டுக் காணிகள் ஏறத்தாழ 15 இலட்சமாகப் பெருகின.

அதே 1917இல்தான், தானியம் தின்னும் குருவி நாட்டின் எதிரியாகவும் அறிவிக்கப்பட்டது. எலிகளையும் குருவிகளையும் ஒழிப்பதற்கென ஊர்தோறும் கழகங்கள் அமைக்க அரசு ஊக்கமளித்தது. குருவித் தலைகளுக்கும் முட்டைகளுக்கும் டசின் கணக்கில் பணம் கொடுக்கப்பட்டது. அக்குருவி தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது தானியத்தையல்ல, பயிரை அழிக்கும் செடிப்பேன்களையும் மயிர்க்கொட்டிகளையுமே என்பதை அந்தக் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.

இவ்வளவு கொன்றும் குருவியினம் அழியவில்லை. அதன் வீழ்ச்சி பின்னர், ஆரவாரமின்றி வந்தது. பறவையியலாளர் மக்ஸ் நிக்கல்சன் 1925இல் இலண்டன் கென்சிங்ரன் பூங்காவில் 2,603 குருவிகளை எண்ணினார். 1975இல் அங்கு 544 மட்டுமே இருந்தன. 2000ஆம் ஆண்டில் எஞ்சியவை எட்டு. குதிரை வண்டிகள் மறைந்தபோது தெருவில் சிந்திய தானியமும் மறைந்தது முதற்கட்ட வீழ்ச்சிக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பிற்கால வீழ்ச்சிக்குப் பூச்சிகள் குறைந்தமையும், திருத்தப்பட்ட கூரைகளில் கூடு கட்ட இடுக்கில்லாமற் போனமையும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. 2002இல், பெரிதும் கவலைக்குரிய பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் பிரித்தானியா இக்குருவியைச் சேர்த்தது.

ஒருகாலத்தில் தலைக்கு விலை வைத்த நாட்டில், இன்று ஒவ்வொரு சனவரியிலும் இலட்சக்கணக்கானோர் சன்னலருகே அமர்ந்து பறவைகளை எண்ணுகின்றனர். 1979இல் தொடங்கிய இக்கணக்கெடுப்பில், தோட்டமொன்றில் காணப்படும் குருவிகளின் சராசரி அன்றைய அளவில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

மனிதரின் கூரையை நம்பி வாழ்வதால் நம் முன்னோர் அதற்கு அடைக்கலக்குருவி என்று பெயரிட்டனர். கொல்வதற்குப் பணம் கொடுத்த காலத்திலும் தப்பிய உயிர், கூரையிடுக்கு அடைபட்டதும் தளர்ந்துபோயிற்று. நண்பர் இப்போது தோட்டத்தின் ஒரு மூலையில் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறார். பூச்சிகள் வந்துவிட்டனவாம், குருவிக்காகக் காத்திருக்கிறார்.